ஏழு எழுத்துக்குள் ஒளிந்திருக்கும் சொல்: ஸ்கிராபிள் ஆட வரும் புதியவர்களுக்கு

எழுத்துச் சில்லுகளை அடுக்கி இங்கிலீஷ் சொற்கள் அமைக்கும் ஸ்கிராபிள் பலகை முன் புதிதாக உட்காரும் பலருக்கும் ஒரே கவலைதான்: நம்மிடம் இருக்கும் இங்கிலீஷ் இதற்குப் போதுமா? தாராளமாகப் போதும். நியூசிலாந்தைச் சேர்ந்த நைஜல் ரிச்சர்ட்ஸ் 2015-இல் பிரெஞ்சு மொழி ஸ்கிராபிளில் உலகப் பட்டம் வென்றார். அவருக்கு பிரெஞ்சு பேசத் தெரியாது. சொற்பட்டியலை மட்டும் படித்துவிட்டுப் போய் ஆடினார். 2024-இல் ஸ்பானிய மொழியிலும் அதையே செய்து காட்டினார்.

இந்த ஆட்டத்தில் சொல்லுக்கு என்ன பொருள் என்று யாரும் கேட்பதில்லை. கலைந்து கிடக்கும் எழுத்துகளுக்குள் சொல்லைப் பார்க்கும் கண் வேண்டும். அடுத்த முறைக்கு எதை மிச்சம் வைப்பது என்ற கணக்கு வேண்டும். இரண்டையும் யாரும் பழகிக்கொள்ளலாம். இதில் புதியவர்கள் கவனிக்காமல் விடுவது இரண்டாவதைத்தான். ஒரு பெரிய சொல் உங்கள் கையில் அமைவது, அதற்கு முந்தைய முறையில் நீங்கள் எதை ஆடினீர்கள் என்பதிலேயே பாதி முடிவாகிவிடுகிறது. இந்தக் கட்டுரை முழுக்க அந்தப் பக்கமே திரும்பத் திரும்ப வருவேன்.

எழுத்துகளைத் தமிழில் எழுதுவதால் ஒரு சின்ன ஏற்பாடு செய்துகொள்வோம். ‘டீ’ என்று நீட்டி எழுதினால் அது டேபிளின் முதலெழுத்து. ‘டி’ என்று குறுக்கி எழுதினால் டோரின் முதலெழுத்து. ‘பி’ இரண்டையும் பென்னின் பி, பாலின் (பந்து) பி என்று சொல்லிவிடுகிறேன். சொற்களை உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். ஒரு தாளில் ஸ்பெல்லிங்கை எழுதிப் பார்த்துக்கொண்டே படித்தால் நன்றாகப் பதியும்.

பைக்குள் என்ன இருக்கிறது

நியூயார்க்கைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பட்ஸ் என்ற கட்டடக் கலைஞர் 1930-களில் உருவாக்கிய ஆட்டம் இது. எந்த எழுத்து எத்தனை வேண்டும் என்று முடிவு செய்ய அவர் செய்தித்தாள்களை எடுத்துவைத்து எழுத்துகளைக் கையாலேயே எண்ணினார். 1948-இல் ஜேம்ஸ் புருனோ இதற்கு ஸ்கிராபிள் என்று பெயர் வைத்து விற்பனைக்குக் கொண்டுவந்தார். பட்ஸ் போட்ட கணக்கு இன்றும் அப்படியே இருக்கிறது. அதனால் அதைத் தெரிந்துகொண்டு ஆடுவதும் தெரியாமல் ஆடுவதும் ஒன்றல்ல.

பையில் மொத்தம் 100 டைல்கள், அதாவது எழுத்துச் சில்லுகள். அதில் 2 பிளாங்க், அதாவது எந்த எழுத்தாகவும் வைத்துக்கொள்ளக்கூடிய வெற்று டைல். அதற்குப் புள்ளி கிடையாது. மீதி 98-இல் உயிரெழுத்துகள் 42: ஈ 12, ஏ 9, ஐ 9, ஓ 8, யூ 4. மெய்யெழுத்துகள் 56. இந்த விகிதத்தை ஏழு டைலுக்குக் கொண்டுவந்தால் மூன்று உயிர், நான்கு மெய் என்று கச்சிதமாக வரும். உங்கள் ரேக்கில், அதாவது கையில் இருக்கும் ஏழு டைலையும் நிறுத்தி வைக்கும் தாங்கியில், ஐந்து உயிரெழுத்து சேர்ந்துவிட்டால் எதையாவது கரைக்க வேண்டும் என்பதற்கு இதுவே அடையாளம்.

மெய்யெழுத்துகளில் என், ஆர், டீ தலா 6, எல், எஸ், டி தலா 4, ஜி 3. கே, ஜே, எக்ஸ், க்யூ, இசட் ஒவ்வொன்றுதான். மற்றவை எல்லாம் இரண்டிரண்டு. எஸ் நான்கே நான்கு இருப்பது வேண்டுமென்றே செய்தது. நிறைய இருந்தால் எல்லோரும் பன்மை ஆக்கியே ஆட்டத்தை ஓட்டிவிடுவார்கள்.

புள்ளிகள்: ஐந்து உயிரெழுத்துகளுக்கும், எல், என், ஆர், எஸ், டீ ஆகியவற்றுக்கும் தலா 1. டி, ஜி 2. சி, எம், இரண்டு பி-க்களும் 3. எஃப், எச், வி, டபிள்யூ, ஒய் 4. கே 5. ஜே, எக்ஸ் 8. க்யூ, இசட் 10. ஒரே முறையில் ஏழு டைலையும் இறக்கினால் கூடுதலாக 50 புள்ளி. அதற்கு ‘பிங்கோ’ என்று பெயர்.

இதிலிருந்து ஒன்று புரியும். 10 புள்ளி எழுத்துகளைத் தேடி ஓடுவதைவிட, 1 புள்ளி எழுத்துகளாகவே ஏழு சேர்த்து 50-ஐ வாங்குவது பெரும்பாலும் லாபம். விலை குறைந்த எழுத்துகள்தான் பையில் அதிகம், அவைதான் ஒன்றோடொன்று எளிதாகச் சேரும். பெரிய புள்ளி தரும் அனகிராம், அதாவது கலைந்த எழுத்துகளை மாற்றி அடுக்கிப் பெறும் சொல், என்றாலே இசட்டும் க்யூவும் இருக்க வேண்டும் என்ற நினைப்பை முதலில் விட்டுவிடுங்கள்.

எழுத்துகளைப் பிரிக்கும் முறை

ஏழு வேறு வேறு எழுத்துகளை 5,040 விதமாக அடுக்கலாம். அத்தனையையும் மனத்தில் ஓட்டிப் பார்க்க முடியாது. போட்டிகளில் ஒருவருக்கு முழு ஆட்டத்துக்கும் 25 நிமிடம்தான். அதனால் தேடலைச் சுருக்க வேண்டும். அதற்கு எல்லோரும் பயன்படுத்தும் வழி, சொல்லின் வாலையும் தலையையும் முதலில் பிரித்து வைப்பது.

ரேக்கில் ஐ, என், ஜி மூன்றும் இருந்தால் அவற்றை வலது ஓரத்துக்குத் தள்ளுங்கள். ஈ, டி இருந்தால் அவை. ஈ, ஆர் இருந்தால் அவை. ஈ-எஸ்-டீ, ஐ-ஈ-ஆர், ஐ-ஈ-எஸ் எல்லாம் இப்படிப்பட்ட வால்கள்தான். இடது பக்கத்துக்கு ஆர்-ஈ, யூ-என், ஐ-என், டி-ஈ, ஓ-யூ-டீ, எம்-ஐ-எஸ். ஒன்றைப் பிரித்து வைத்தால் மிஞ்சுவது நான்கைந்து எழுத்து. நான்கு எழுத்துக்கு 24 வரிசைதான், ஐந்துக்கு 120. கண்ணுக்கு அடங்கும் எண்ணிக்கை.

செய்து பார்ப்போம். உங்கள் கையில் ஏ, டி, ஈ, ஐ, என், எஸ், டீ. முதலில் ஈ-டி வாலைப் பிரியுங்கள். மிஞ்சுவது ஏ, ஐ, என், எஸ், டீ. அதில் ‘ஸ்டெயின்’ தெரிகிறதா? ஸ்டெயின்ட் கிடைத்துவிட்டது. அதே ஐந்து எழுத்தில் ‘செயின்ட்’ இருக்கிறது. செயின்டெட் என்பதும் அகராதியில் உள்ள சொல்தான். இப்போது வாலைக் கலைத்துவிட்டு டி-ஈ தலையைப் பிரியுங்கள். மிச்சத்தில் டிடெயின்ஸ் வருகிறது. ஐ-என் தலையைப் பிரித்தால் இன்ஸ்டெட். ஒரே ஏழு எழுத்து, நான்கு சொற்கள். இத்தனை எதற்கு என்று கேட்கலாம். பலகையில் எங்கே இடம் இருக்கிறது என்பதைப் பொறுத்து ஒன்று பொருந்தும், இன்னொன்று பொருந்தாது. ஒரு பிங்கோ கண்டதும் நிறுத்திவிடாதீர்கள்.

அடுத்தது, ஏ, ஈ, ஜி, ஐ, என், ஆர், டீ. ஐ-என்-ஜி வாலைப் பார்த்ததும் கை அங்கேதான் போகும். பிரித்தால் ஏ, ஈ, ஆர், டீ மிஞ்சும்: டியர், அதாவது கிழிப்பது. டியரிங் வந்துவிட்டது. ஐ-என் தலையைப் பிரித்தால் இன்கிரேட், நன்றி கெட்டவன். ஆனால் மூன்றாவது ஒன்று இருக்கிறது, கிரானைட். அதில் எந்த வாலும் தலையும் இல்லை. அதனால் ஐ-என்-ஜி கண்டால் அதை மட்டுமே நம்பி உட்கார வேண்டாம். ஒருமுறை வாலோடு தேடுங்கள், ஒருமுறை வாலைப் பிய்த்துக் கலைத்துப் போட்டுத் தேடுங்கள்.

வால் இல்லாத சொற்களுக்கு வேறொரு உதவி உண்டு: சேர்ந்தே திரியும் மெய்யெழுத்துகளை ஜோடியாக வைப்பது. சி-எச், எஸ்-எச், டீ-எச், சி-கே, எஸ்-டீ, டீ-ஆர், ஜி-ஆர் போன்றவை. ஏ, ஈ, எச், எம், என், எஸ், டீ என்ற ரேக்கில் டீ-எச் ஜோடியை நடுவில் வைத்துப் பாருங்கள். ஆன்தம்ஸ், அதாவது தேசிய கீதங்கள் என்று சொல்லும்போது வரும் சொல், தன்னால் எழுந்து வரும்.

தேங்கி நின்றுவிட்டால் டைல்களின் இடத்தை மாற்றிப் போடுங்கள். உயிரெழுத்தெல்லாம் ஒரு பக்கம், மெய்யெழுத்தெல்லாம் ஒரு பக்கம் என்று வைத்துப் பாருங்கள். பிறகு அகர வரிசையில் வைத்துப் பாருங்கள். நல்ல ஆட்டக்காரர்கள் அகர வரிசையில் அடுக்குவதை ஒரு பழக்கமாகவே வைத்திருக்கிறார்கள். காரணம், அவர்கள் படிக்கும்போதும் அப்படியே படிக்கிறார்கள். ‘டி, ஈ, ஐ, என், ஆர், டீ, யூ’ என்ற வரிசையைப் பார்த்ததும் இன்ட்ரூட், அன்ட்ரைட் என்று இரண்டு விடையும் உடனே நினைவுக்கு வந்துவிடும். மீண்டும் மீண்டும் பார்த்த முகம் கூட்டத்தில் தெரிவதுபோல.

மிச்சம் வைப்பதில்தான் விஷயம்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். ஒவ்வொரு முறையும் உங்கள் முன் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இந்தச் சொல் எத்தனை புள்ளி? ஆடிய பிறகு ரேக்கில் என்ன மிஞ்சும்? புதியவர்கள் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள்.

ஒரு சொல் ஆடினால் 22 புள்ளி, கையில் மிஞ்சுவது யூ, யூ, வி. இன்னொரு சொல் ஆடினால் 17 புள்ளி, மிஞ்சுவது ஏ, ஈ, ஆர். நான் யோசிக்காமல் 17-ஐ ஆடச் சொல்வேன். அந்த 5 புள்ளியை விட்டதற்குப் பதிலாக, அடுத்து வரும் டைல்கள் எதுவாக இருந்தாலும் ஏ, ஈ, ஆர் அவற்றோடு ஒட்டும். யூ, யூ, வி-யோடு எது வந்தாலும் திண்டாட்டம்தான். அடுத்த முறை, அதற்கடுத்த முறை என்று அந்த வி உங்களை விடாது.

எதை வைத்துக்கொள்வது? ஏ, ஈ, ஐ, என், ஆர், எஸ், டீ, எல். இந்த எட்டையும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். இதிலும் ஒரே எழுத்து இரண்டு வேண்டாம். இரண்டு ஐ கையில் இருந்தால் ஒன்றையாவது இறக்கிவிடுங்கள். உயிரும் மெய்யும் கலந்து இருக்கட்டும்.

எஸ்-ஐச் சும்மா செலவழிக்காதீர்கள். ஒரு எஸ்-ஐச் சேர்ப்பதால் கூடுதலாக ஏழெட்டுப் புள்ளிகூட வரவில்லை என்றால் கையிலேயே வைத்திருங்கள். பிளாங்க் அதைவிடப் பல மடங்கு மதிப்புள்ளது. அதை இருபது, முப்பது புள்ளிச் சொல்லுக்கு இறக்கிவிட்டு அடுத்த முறை பிங்கோவுக்கு ஏங்குவதைப் பல மேசைகளில் பார்க்கலாம். பிளாங்க் பிங்கோவுக்காக என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் பிளாங்க் இருக்கும்போது தேடுவதற்கும் ஒரு வழி உண்டு. இருக்கும் ஆறு எழுத்தில் ஐ-என் இருந்தால் பிளாங்க்கை ஜி ஆக்கிப் பாருங்கள். ஈ இருந்தால் டி அல்லது ஆர் ஆக்கிப் பாருங்கள். ஆறு எழுத்துச் சொல் ஏற்கெனவே இருந்தால் எஸ் ஆக்குங்கள். 26 எழுத்தையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கும் வேலை பெரும்பாலும் மிச்சமாகிவிடும்.

ரேக் மோசமாகவே இருந்தால் டைல்களை மாற்றிக்கொள்ளலாம். பையில் குறைந்தது ஏழு டைல் இருக்க வேண்டும், அந்த முறைக்குப் புள்ளி கிடையாது. தோற்றுவிட்டோம் என்ற உணர்வு வருவதால் பலரும் இதைச் செய்யவே மாட்டேன் என்கிறார்கள். 6 புள்ளிக்கு ஒரு சொல்லை ஆடிவிட்டு அதே குப்பையோடு உட்கார்ந்திருப்பதைவிட, நல்ல இரண்டு மூன்று எழுத்தை வைத்துக்கொண்டு மற்றதைப் பையில் போட்டுவிடுவது எத்தனையோ மேல்.

ஆறு எழுத்து வேர்கள்

மிச்சம் வைக்கும் பழக்கம் வந்த பிறகு இதைப் படித்தால்தான் பலன் கிடைக்கும். சில ஆறு எழுத்துக் கூட்டங்கள் ஏழாவதாகப் பெரும்பாலும் எது வந்தாலும் சொல்லாகிவிடும். அவற்றில் பெயர் பெற்றது டிசான்: டீ, ஐ, எஸ், ஏ, என், ஈ. மூலிகைத் தேநீரைக் குறிக்கும் சொல். க்யூ, ஒய் போன்ற ஓரிரண்டைத் தவிர ஏறக்குறைய எந்த எழுத்து இதோடு சேர்ந்தாலும் பிங்கோ உண்டு.

டி சேர்ந்தால் மேலே பார்த்த இன்ஸ்டெட். ஜி சேர்ந்தால் சீட்டிங், டீஸிங். கே சேர்ந்தால் இன்டேக்ஸ். எல் சேர்ந்தால் சேலியன்ட், என்டெயில்ஸ். எம் சேர்ந்தால் இன்மேட்ஸ். ஆர் சேர்ந்தால் ரிடெயின்ஸ், நாஸ்டியர் என்று ஒரு பட்டாளமே வரும். யூ சேர்ந்தால் ஆன்ட்டீஸ், வி சேர்ந்தால் நேட்டிவ்ஸ், இசட் சேர்ந்தால் ஸேனியஸ்ட். இதில் எதுவும் உங்களுக்குத் தெரியாத சொல்லாக இருக்காது. தெரிந்த சொல்லை அந்த நேரத்தில் காண முடியாமல் போவதுதான் சிக்கல். பட்டியலாகப் படித்து வைத்தால் அது தீர்ந்துவிடும்.

இரண்டாவது வேர் ரெட்டினா. சி சேர்ந்தால் சர்ட்டன், டி சேர்ந்தால் ட்ரெயின்ட், ஈ சேர்ந்தால் ட்ரெயினீ, எஃப் சேர்ந்தால் ஃபெயின்டர், எச் சேர்ந்தால் ஹேர்நெட், ஐ சேர்ந்தால் இனர்ஷியா, கே சேர்ந்தால் கெரட்டின், எல் சேர்ந்தால் ரிலையன்ட், எம் சேர்ந்தால் மினரெட். பென்னின் பி சேர்ந்தால் பெயின்டர், ரிபெயின்ட், பெர்ட்டெயின். இன்னொரு டீ சேர்ந்தால் நைட்ரேட்.

ஒரு வாரத்துக்கு இந்த இரண்டு வேரை மட்டும் படியுங்கள். நூறு வேர்களை ஒரே மூச்சில் படிக்கத் தொடங்குபவர்களுக்குப் பத்துகூட நிற்பதில்லை.

ஏழு எழுத்துச் சொல் கையில் இருந்தும் பலகையில் இடம் இல்லை என்ற நிலை அடிக்கடி வரும். அப்போது பலகையில் ஏற்கெனவே கிடக்கும் ஓர் எழுத்தோடு சேர்த்து எட்டு எழுத்துச் சொல் தேடுங்கள். கையில் ரிடெயின்ஸ் இருக்கிறது, பலகையில் ஒரு பென்னின் பி திறந்து கிடக்கிறது என்றால்: பெயின்டர்ஸ், ரிபெயின்ட்ஸ், பெர்ட்டெயின்ஸ், அப்புறம் பேன்ட்ரீஸ். ஜி கிடந்தால் கிரானைட்ஸ், கேன்ட்ரீஸ். அந்த எழுத்து சொல்லின் எந்த இடத்தில் விழ வேண்டும் என்பது ஒவ்வொன்றிலும் மாறும். அதனால்தான் ஒரே எழுத்துக்கூட்டத்தில் பல சொற்கள் தெரிந்திருப்பது உதவுகிறது.

சின்னச் சொற்களை ஒதுக்காதீர்கள்

பெரிய சொல்லைப் பலகையில் ஒட்ட வைக்கும் பசை இரண்டெழுத்துச் சொற்கள்தான். உலகின் பெரும்பாலான நாடுகளில் ஆடப் பயன்படும் காலின்ஸ் சொற்பட்டியலின் 2019 பதிப்பில் இரண்டெழுத்துச் சொற்கள் 127. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு என்று எடுத்தால் பதினொரு நாளில் முடிந்துவிடும். வேறு எதைப் படிக்காவிட்டாலும் இதைப் படித்துவிடுங்கள். அமெரிக்கப் பட்டியலில் இவற்றில் சில கிடையாது. அதனால் எந்தப் பட்டியல் என்று ஆட்டத்துக்கு முன்பே எதிராளியோடு பேசி வைத்துக்கொள்வது நல்லது.

முதலில் படிக்க வேண்டியவை: க்யூ-ஐ, சீனர்கள் சொல்லும் உயிராற்றல். இசட்-ஏ, பீட்ஸாவின் பேச்சுச் சுருக்கம். எக்ஸ்-ஐ, கிரேக்க எழுத்து. எக்ஸ்-யூ, வியட்நாம் நாணயம். ஜே-ஓ, ஸ்காட்லாந்தில் காதலன் அல்லது காதலி. இவை தெரியாதவர் கையில் க்யூ வந்தால் யூ-வுக்காகக் காத்திருப்பார். தெரிந்தவர் அதே முறையில் இறக்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார். யூ இல்லாமல் க்யூவை இறக்க இன்னும் சில: ஃபக்கீர் என்பதன் க்யூ ஸ்பெல்லிங், நிகாப், தலாக், காடி, அதாவது காஜியார்.

எக்ஸ் எத்தனை பலம் வாய்ந்தது என்பதற்கு ஒரு கணக்கு. எழுத்துக்கு மும்மடங்கு தரும் கட்டம் ஒன்று காலியாக இருக்கிறது. அதன் இடப்பக்கம் ஓர் ஏ, மேலே ஓர் ஈ. அந்தக் கட்டத்தில் எக்ஸை மட்டும் வைத்தால் குறுக்கே ஏ-எக்ஸ், நெடுக்கே ஈ-எக்ஸ். ஒவ்வொன்றும் 24-ம் 1-ம் சேர்ந்து 25. மொத்தம் 50 புள்ளி, ஒரே டைலில். பிங்கோவுக்குக் கிடைக்கும் கூடுதல் புள்ளிக்குச் சமம்.

உயிரெழுத்து மிகுந்துவிட்டால் ஆடியோ, அடியூ, ஐடியா, ஏரியா, ஆரா போன்ற சொற்கள் கைகொடுக்கும். ‘கியூவில் நில்லுங்கள்’ என்பதில் வரும் கியூ நான்கு உயிரெழுத்தைக் கரைத்து 14 புள்ளியும் தரும். உயிரெழுத்தே இல்லையா? ரிதம், மித், ஜிம் போன்ற ஒய் சொற்களைத் தேடுங்கள்.

ஏற்கெனவே இருக்கும் சொல்லின் முன்னாலோ பின்னாலோ ஓர் எழுத்தை ஒட்டுவதை ‘ஹூக்’ என்பார்கள். பலகையில் ரெயின், அதாவது மழை கிடந்தால் அதன் முன்னால் டீ, ஜி, டி, பாலின் பி எதையும் ஒட்டலாம்: ட்ரெயின், கிரெயின், ட்ரெயின் என்ற இன்னொன்று, சாக்கடைக்குப் போவது, பிரெயின். பின்னால் எஸ், ஒய். உங்கள் ஏழெழுத்துச் சொல்லை அந்த ஒட்டு எழுத்தின் வழியாக நெடுக்கே இறக்கினால் இரண்டு சொல்லுக்கும் புள்ளி.

நமக்குத் தெரிந்த சொற்கள் நிறைய அதில் இருக்கின்றன

இந்தப் பகுதியை ஆசையோடு எழுதுகிறேன். இந்தியச் சொற்கள் பல இங்கிலீஷ் அகராதியில் ஏறிவிட்டதால் ஸ்கிராபிளிலும் செல்லும். இட்லி செல்லும், இரண்டு ஐ-யைக் கரைக்க அதைவிட நல்ல சொல் கிடைப்பது அரிது. தோசை, ரொட்டி, பூரி, நான், நெய், தால், சாரி, ராணி, லட்சத்துக்கான லாக், குரோர், காதி எல்லாம் உண்டு.

இவற்றை வைத்தே அனகிராம் பழகலாம். ரொட்டியின் நான்கு எழுத்தைக் கலைத்தால் ரயட் வரும், ட்ரியோவும் வரும். ரைத்தாவைக் கலைத்தால் டியாரா, கிரீடம். தோசையைக் கலைத்தால் சோடா. நானைக் கலைத்தால் அணா, பழைய நாணயம்தான். ராணியைக் கலைத்தால் ரெயின். மேங்கோவைக் கலைத்தால் அமங் என்ற சாதாரணச் சொல் வந்து நிற்கும்.

ஏழு எழுத்திலும் நம் சமையல்கட்டு இருக்கிறது: சட்னி, சப்பாத்தி, பிரியாணி, பராத்தா நான்குமே ஏழு எழுத்து. சட்னியின் எழுத்துகளுக்கு மொத்தம் 15 புள்ளி. ஆட்டத்தின் முதல் சொல்லாக அதை வைத்தால், நடுக் கட்டம் சொல்லுக்கு இருமடங்கு தருவதால் 30, பிங்கோவுக்கு 50, ஆக 80. கடைசி ஒய், எழுத்துக்கு இருமடங்கு தரும் கட்டத்தில் விழும்படி வைத்தால் 88.

எங்கே வைப்பது

இது தனிக் கட்டுரைக்கு உரியது. இரண்டே விஷயம் சொல்கிறேன்.

முதல் முறை ஆடும்போது, நடுக் கட்டத்திலிருந்து இரண்டு பக்கமும் நான்கு கட்டம் தள்ளி, எழுத்துக்கு இருமடங்கு தரும் கட்டம் இருக்கிறது. ஐந்தெழுத்துச் சொல்லின் முதலெழுத்தையோ கடைசி எழுத்தையோ அங்கே விழ வைக்கலாம். ஸீப்ரா என்ற சொல்லை ஏனோதானோ என்று வைத்தால் 32. இசட் அந்தக் கட்டத்தில் விழுந்தால் 52.

இரண்டாவது, பலகையின் நான்கு ஓரங்களும். அங்கே சொல்லுக்கு மும்மடங்கு தரும் கட்டங்கள் இருக்கின்றன. ஓர் எட்டெழுத்துச் சொல் அவற்றில் இரண்டைத் தொட்டால் ஒன்பது மடங்கு. 2006-இல் அமெரிக்காவில் மைக்கேல் கிரெஸ்டா என்ற தச்சர் ‘குவிக்சாட்ரி’ என்ற சொல்லை அப்படி வைத்து ஒரே முறையில் 365 புள்ளி எடுத்தார். அந்த ஆட்டத்தில் அவர் மொத்தப் புள்ளி 830. எழுத்துகளுக்கு 27, எக்ஸ் இருமடங்கு கட்டத்தில் விழுந்ததால் 35, அதன் ஒன்பது மடங்கு 315, அதோடு 50. அந்தச் சொல்லின் பாதிக்கு மேற்பட்ட எழுத்துகள் வெறும் 1 புள்ளி எழுத்துகள் என்பதைக் கவனியுங்கள்.

தினமும் எப்படிப் பழகுவது

ஸிஸிவா என்ற மென்பொருள் சொற்களை அகர வரிசையில் கலைத்துக் காட்டி விடை கேட்கும்; தவறியவற்றைச் சீக்கிரமும், தெரிந்தவற்றைத் தாமதமாகவும் திரும்பக் கொண்டுவரும். இணையத்தில் மற்றவர்களோடு ஆட வூகிள்ஸ் தளம் இலவசம். ஆடி முடித்த ஆட்டத்தை அலசிப் பார்க்க குவாக்கிள் உதவும். கணினி வேண்டாம் என்றால் பழைய டைல்களும் ஒரு நோட்டும் போதும். ஒரு பக்கம் கலைந்த எழுத்து, மறுபக்கம் விடை என்று அட்டை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்துகளைக் கொடுத்தால் விடை சொல்லும் அனகிராம் தளங்கள் நிறைய உண்டு. ஆட்டம் நடக்கும்போது அவற்றைத் திறப்பது எதிராளியை ஏமாற்றுவது. அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆட்டம் முடிந்ததும் அதே தளங்கள் நல்ல ஆசிரியர். சிரமப்பட்ட ரேக்குகளை ஆடும்போதே ஓரமாகக் குறித்து வையுங்கள். முடிந்த பிறகு போட்டுப் பாருங்கள். அதில் தெரிந்த சொல் இருந்தும் கண்ணில் படாமல் போயிருந்தால் அதற்கு அட்டை எழுதுங்கள். கேள்விப்படாத சொல்லாக இருந்தால் இப்போதைக்கு விட்டுவிடலாம்.

இன்றைக்குத் தொடங்க நான்கு பயிற்சிகள். டைல்களை எடுத்து மேசையில் பரப்பி, தாளில் எழுதாமல் கையால் நகர்த்தியே தேடுங்கள். ஒன்று: லிஸன் என்ற சொல்லின் ஆறு எழுத்து, கவனித்துக் கேட்பது. இரண்டு: மாஸ்டரின் ஆறு எழுத்து. மூன்று: டீச்சரின் ஏழு எழுத்து. நான்கு: கிரியேஷனின் எட்டு எழுத்து.

விடைகள்: முதலாவதில் சைலன்ட், என்லிஸ்ட், டின்ஸல், இன்லெட்ஸ். இரண்டாவதில் ஸ்ட்ரீம், டேமர்ஸ். மூன்றாவதில் சீட்டர், நிலம் அளக்கும் ஹெக்டேர். நான்காவதில் ரியாக்ஷன்.